ராஜாவின் தலைவலி கைமாறிய கதை

"உப்பு அதிகம் என்று நான் போன மாதமே சொன்னேன், ஆனால் –"

"போன மாசம் நீங்க சொன்னது புளி, வைத்தியரே. உப்புன்னு நீங்க –"

"புளியும்தான், உப்பும்தான், மிளகும்தான். ராஜாவின் தலைக்குள் அடுப்பு மூட்டி வைத்திருக்கிறாய். அந்தச் சூடு –"

"அடுப்பு என் மடைப்பள்ளியிலதான் எரியுது. அவர் தலைக்குள்ள என்ன இருக்குன்னு பார்க்க வேண்டியது நீங்க –"

"கேட்டீர்களா மகாராஜா, தங்கள் தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறான்."

"நான் அப்படிக் கேக்கலை சாமி, அவர்தான் –"

"போதும்" என்றார் ராஜா. மெதுவாகத்தான் சொன்னார். உரக்கச் சொன்னால் வலிக்கும்.

எந்த நாட்டில், எந்தக் காலத்தில் என்று கேட்டால், வெகு காலத்துக்கு முன்னால், ராஜாக்களுக்கும் நம்மைப் போலவே தலை வலித்த காலத்தில் என்றுதான் சொல்ல முடியும். நல்ல ராஜாதான். போரில் முன்னால் நிற்பவர், வழக்கில் நடுவில் நிற்பவர். ஆனால் சில மாதங்களாக மத்தியானம் ஆனதும் நெற்றியைப் பிடித்துக்கொள்வார். அதன் பிறகு சபையில் நியாயம் கிடைக்காது, திட்டுத்தான் கிடைக்கும். அரண்மனை வைத்தியர் மருதவாணர் பற்றுப் போட்டார், கஷாயம் கொடுத்தார், லேகியம் கிண்டினார். ஒன்றும் கேட்கவில்லை. கடைசியில் பழி சமையலின் மேல் விழுந்தது.

"கண்ணுச்சாமி, நாளைப் பொழுது சாய்வதற்குள் நீயும் உன் குடும்பமும் எல்லை தாண்டிப் போய்விட வேண்டும்" என்றார் ராஜா.

மடைப்பள்ளித் தலைவர் கண்ணுச்சாமியின் அப்பா அங்கே சமைத்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான். அழுதிருக்க வேண்டிய மனிதர் அழவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து ஓர் உதறு உதறி, மறுபடியும் நேராகப் போட்டுக்கொண்டார். 

அப்போது சிம்மாசனத்தின் கீழ்ப்படியிலிருந்து ஓர் இருமல் கேட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தவன் தாண்டவன், சபையின் விகடன். மற்றவர்களுக்கெல்லாம் அங்கே பட்டமும் பதவியும் உண்டு. தாண்டவனுக்கு வாய் மட்டும்தான். அதற்கே ராஜாவுக்கு அவ்வளவு பக்கத்தில் இடம். தன் கஷாயத்தை முகம் சுளித்துக் குடிக்கும் ராஜா, தாண்டவன் பேச்சுக்கு முகம் மலர்கிறாரே என்று வைத்தியருக்குப் பழைய எரிச்சல்.

"என்ன தாண்டவா, சளியா?"

"இல்லை மகாராஜா. ஒரு வார்த்தை வந்து தொண்டையில் நின்றுகொண்டது."

"வெளியே விடு."

"தங்கள் தலைவலிக்குக் காரணம் சோறு இல்லை."

"பின்னே எது?"

"அதைச் சொல்ல முடியாது, மகாராஜா."

"தெரியாதா?"

"தெரியும். சொல்ல முடியாது."

"தெரியாத விஷயத்தைச் சொல்ல முடியாதுதான்" என்றார் மருதவாணர். சபை சிரித்தது. ராஜா கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குச் சிரிப்புச் சத்தமும் வலித்தது.

வைத்தியருக்குத் தைரியம் வந்துவிட்டது. "இவருக்கு அவ்வளவு தெரியுமென்றால் தங்கள் தலைவலியை எடுத்துக் காட்டட்டுமே, மகாராஜா. மருந்தெல்லாம் அடியேன் கொடுத்தாகிவிட்டது, ஆகையால் இவர் மருந்து கொடுக்கக் கூடாது. தங்கள் திருமேனியைத் தொடக் கூடாது. மந்திரம் போடக் கூடாது."

ராஜாவுக்கு இருந்த எரிச்சலில் அந்த நிபந்தனை இன்னும் ஒரு படி ஏறிப்போனது. "எடுத்தால் மட்டும் போதாது. விட்ட இடத்திலிருந்து திரும்பி வந்துவிடும். என்னிடமிருந்து எடுத்து வேறொருவர் கையில் கொடுத்துவிட வேண்டும், தாண்டவா. நாளைச் சாயங்காலத்துக்குள். முடியாவிட்டால் கண்ணுச்சாமியின் வண்டியில் உனக்கும் இடம் போடச் சொல்கிறேன்."

"யாரிடம் கொடுக்கட்டும், மகாராஜா?"

"வாங்கிக்கொள்கிறவரிடம்."

சபையோர் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். மருதவாணர் மட்டும் மார்பை நிமிர்த்தினார். "அடியேனிடமே கொடுக்கட்டும். வைத்தியப் பரம்பரைத் தலை இது. இதற்குள் நுழைய எந்தத் தலைவலிக்கும் துணிச்சல் கிடையாது."

"சபையோர் கேட்டுக்கொண்டீர்கள்" என்றான் தாண்டவன்.

மடைப்பள்ளிக்குள் போனதும் கண்ணுச்சாமி அவன்மேல் பாய்ந்தார்.

"உன்னை யாருப்பா நடுவுல வரச் சொன்னது? நான் ஒருத்தன் போறது பத்தாதா?"

"வண்டியில தனியாப் போனா உனக்குப் பேச்சுத் துணை வேணாமா?"

"விளையாடாதே தாண்டவா. என் பொண்டாட்டி இப்பத்தான் பாத்திரத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டு இருக்கா. அந்தம்மா வாயில ஒரு வார்த்தை வரலை. அவ பேசாம இருந்து நான் பார்த்ததே இல்லை."

"சரி, கேட்டதுக்குப் பதில் சொல்லு. ராஜா வேட்டைக்குப் போற நாள்ல யார் சமையல்?"

"வேற யாரு? நான்தான். புளிச்சோறு கட்டிக் குடுப்பேன்."

"உப்பு?"

"கட்டுச்சோத்துல தூக்கலாத்தான் இருக்கும். இல்லாட்டி வெயில்ல தாங்குமா?"

"அதைத் தின்னுட்டுத் தலை வலிக்குதுன்னாரா?"

"தலைவலியா? காட்டுல அவர் பாடுவாரு. கேட்டதில்லையா நீ? யானையே நின்னு கேக்கும். நல்லா இருக்குன்னு இல்லை, பயத்துல."

"பார்த்தியா. அதே கை, அதே உப்பு. வேட்டை நாள்ல பாட்டு வருது, சபை நாள்ல தலைவலி வருது. அதுவும் மத்தியானத்துக்கு மேலதான்."

"அதனால என்னன்றே?"

"அவர் பக்கத்துல ஒரு வெள்ளிச் செம்பு வைக்கிறாங்களே, தண்ணி. காலையில தளும்பத் தளும்ப வருது. சாயங்காலம் தளும்பத் தளும்பத் திரும்பிப் போகுது. நான் அந்தப் படியில உட்கார்ந்து தினமும் பாக்குறேன். உதடு காஞ்சு தோல் உரியுது, ஒரு மடக்குக் குடிக்க மாட்டேங்கிறார். இந்தச் சித்திரை வெயில்ல."

"ஏன் குடிக்கலை?"

"குடிச்சா எந்திரிக்கணும்."

"எந்திரிக்கட்டுமே."

"எந்திரிச்சா என்ன ஆகும்?"

கண்ணுச்சாமியின் கை தானாகப் போய்க் காதைப் பொத்தியது. அந்தச் சத்தம் மடைப்பள்ளி வரைக்கும் கேட்குமே, அவருக்கா தெரியாது?

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா சபை நடுவில் எழுந்தால் எக்காளம் ஊத வேண்டும், சங்கு முழங்க வேண்டும், சபை மொத்தமும் எழுந்து நிற்க வேண்டும். கட்டியக்காரர் முன்னால் நடந்து ராஜாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இன்ன இடத்துக்கு எழுந்தருளுகிறார் என்று இடத்தையும் சேர்த்து முழங்க வேண்டும். பாட்டனார் ராஜா ஏற்படுத்தியது. பாட்டனாருக்குப் பட்டம் கொஞ்சம், சீக்கிரம் முடிந்துவிடும். இவரோ போருக்குப் போர் வென்று, வெற்றிக்கு வெற்றி ஒரு பட்டம் சேர்த்துக்கொண்டவர். சபையிலிருந்து, ஒதுங்குகிற இடமான பின்கட்டுக்குப் போய்ச் சேர்ந்தாலும் பட்டம் பாதிதான் ஆகியிருக்கும். மிச்சத்தைக் கட்டியக்காரர் கதவுக்கு வெளியே நின்று முழங்குவார். கதவுக்கு உள்ளே இருக்கிற மனிதர் என்ன பாடுபடுவார் என்று யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

"அட, இதை அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?" என்றார் கண்ணுச்சாமி.

"நீ சொல்லு பார்ப்போம். நான்தான் ராஜா. இதுதான் சபை. சொல்லு."

கண்ணுச்சாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "மகாராஜா... தாங்கள் வந்து... தண்ணி... அதாவது தண்ணி உள்ளே போனா, அது வந்து... போப்பா, வாய் வரமாட்டேங்குது."

"வராது. போர்ல தோள்ல அம்பு தைச்சப்ப பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்ன மனுஷன். இந்த விஷயத்துக்கு நீங்க வெட்கப்படுறீங்கன்னு அவர்கிட்ட யார் சொல்றது? சொன்னாலும் ஒத்துக்குவாரா? வழக்கத்தை நிறுத்தச் சொன்னா ஏன்னு கேப்பாங்க. அந்த ஏனுக்குப் பயந்துதான் வாய் கட்டிக் கிடக்கிறார்."

"அப்ப என்னதான் பண்ணப்போறே?"

"அவர் சொன்னதைத்தான். எடுத்துக் கொடுக்கச் சொன்னாரில்ல, கொடுத்துடப் போறேன். நீ நாளைக்கும் எப்பவும் போலச் சமை. ஒரு கல் உப்பைக் குறைச்சே, உன்னை நானே நாடு கடத்துவேன்."

மறுநாள் காலையில் சபை கூடியது. தாண்டவன் கைகட்டி நின்றான்.

"மகாராஜா, தங்கள் தலைவலி வெகு நாளாகத் தங்களிடமே இருந்து பழகிவிட்டது. மற்றவர் தலை அதற்குத் தெரியாது. மருதவாணரைத் தாங்கள் என்று அது நம்ப வேண்டும். ஆகையால் இன்று ஒரு நாள் தங்கள் ராஜமரியாதை அத்தனையும் அவருக்கு நடக்கட்டும். ஆசனம், குடை, எக்காளம், கட்டியம் எல்லாம். தங்களுக்கு ஒன்றும் வேண்டாம். தாங்கள் நந்தவனத்தில் இருங்கள். தங்களைப் பார்த்து யாரும் எழுந்திருக்கக் கூடாது, வாய் திறக்கக் கூடாது."

"ஒரு நாள் நான் ராஜா இல்லையா?"

"தலைவலிக்கு மட்டும் இல்லை, மகாராஜா."

ராஜாவுக்கு நெற்றி அப்போதே லேசாகத் தெறித்துக்கொண்டிருந்தது. "நடக்கட்டும்" என்றார்.

மருதவாணர் மறுக்கவில்லை. மறுப்பாரா? பட்டுத் தலைப்பாகையும் முத்துச்சரமுமாக ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். பெண்கள் இருக்கும் மாடத்தைப் பார்த்து, தன் மனைவி வந்துவிட்டாளா என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். வைத்தியரல்லவா, வெயில் நாளில் உடம்புக்கு என்ன வேண்டுமென்று அவருக்குத் தெரியும். இளநீர் கொண்டுவரச் சொன்னார், குடித்தார். பானகம் கொண்டுவரச் சொன்னார். நீர்மோர் வந்தது. அதையும் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். "ராஜபோகம் என்பது இதுதான்" என்றார்.

கொஞ்ச நேரம் போனது. ஒரு நிலத்தகராறு நடந்துகொண்டிருந்தது. மருதவாணர் ஆசனத்தில் இப்படி நகர்ந்தார், அப்படி நகர்ந்தார். பிறகு எழுந்தார்.

எக்காளம் கிளம்பியது. சங்கு முழங்கியது. சபை தடதடவென்று எழுந்து நின்றது. கட்டியக்காரர் மனிதர் தொழிலில் சுத்தம். முந்தின நாளே தாண்டவனிடம் கேட்டு வைத்தியருக்குப் பட்டங்கள் தயார் செய்து வைத்திருந்தார்.

"பராக், பராக். விக்கலை விரட்டிய வீரர், தும்மலைத் துரத்திய தீரர், வாயுவை வென்ற வள்ளல், பித்தம் பணியும் பெருமான், மருதவாணர் பின்கட்டுக்கு எழுந்தருளுகிறார். பராக்."

"மெதுவாய்யா" என்றார் மருதவாணர்.

"மெதுவாகச் சொல்ல வழக்கம் இல்லை, பிரபு."

மாடத்தில் வளையல் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொள்ளும்போது கேட்கும் வளையல் சத்தம். கட்டியக்காரர் பின்கட்டுக் கதவு வரைக்கும் போனார், கதவு சாத்தியதும் வெளியே நின்று முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். வெளியே வந்ததும் இன்னொரு எக்காளம். ஆசனத்தில் வந்து உட்கார்ந்த மருதவாணருக்கு முகம் தக்காளி நிறம்.

"பிரபு, இளநீர்?"

"வேண்டாம்."

"நீர்மோர்?"

"வேண்டாம் என்றேனே. எதையும் என் பக்கத்தில் கொண்டுவராதே."

நந்தவனத்தில் ராஜா மாமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மணலில் ஒரு பானை, மேலே ஈரத்துணி. அவரே மொண்டு ஒரு வாய் குடித்தார். பிறகு இன்னொரு வாய். பிறகு குவளையைக் கீழே வைக்காமலே குடித்தார். சற்றுப் பொறுத்து எழுந்து நின்று, சுற்றுமுற்றும் பார்த்தார். தோட்டக்காரர் குனிந்து பாத்தி கட்டிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. ராஜா வேலிப்பக்கம் போனார், வந்தார்.

"தாண்டவா."

"மகாராஜா."

"யாரும் ஊதவில்லையே."

"இங்கே ஊத ஆள் இல்லை, மகாராஜா."

ராஜா பானையைப் பார்த்தார். வேலியைப் பார்த்தார். தாண்டவனைப் பார்த்தார். இன்னொரு குவளை மொண்டார். மத்தியானம் கண்ணுச்சாமியின் சோறு வந்தது. அதே சாம்பார், அதே உப்பு, அதே கை. வழித்துச் சாப்பிட்டார். நெற்றியைப் பிடிக்க வேண்டிய நேரம் வந்து, போயும் போய்விட்டது. சாயங்காலம் அவர் பாட ஆரம்பித்தபோது தோட்டக்காரர் மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தள்ளிப் போனார்.

அதே நேரத்தில் சபையில் வேறு பாட்டு. கால்மேல் கால் போட்டு, நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டிருந்த மருதவாணர், தும்மிய ஒரு வியாபாரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "யாரைக் கேட்டுத் தும்மினாய்? பிடித்து வெளியே தள்ளு இவனை. நிலத்தகராறா? இரண்டு பேர் நிலத்தையும் பிடுங்கிக்கொள். எனக்கு எதிரில் யாரும் மூச்சு விடாதீர்கள்."

ராஜா உள்ளே வந்தார். மரியாதை இன்னும் மருதவாணருடையது, அதனால் யாரும் எழவில்லை. ராஜா சிரித்த முகமாகத் தாண்டவனுக்குப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"வைத்தியரே, தலை எப்படி இருக்கிறது?" என்று தாண்டவன் கேட்டான்.

"தலைக்கென்ன? எங்கள் பரம்பரையில் தலை வலித்ததாகவே வரலாறு கிடையாது."

"அப்படியென்றால் நல்லது. ராஜா வந்திருக்கிறார், அவர் வரவுக்கு ஓர் எக்காளம் ஊதட்டும். இங்கேயே, தங்கள் காதுக்குப் பக்கத்தில் நின்று."

எக்காளக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு கிட்டே வந்தார்.

"ஊதாதே" என்று மருதவாணர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "ஊதாதேடா அப்பா, மண்டை பிளந்துவிடும். வலி தாங்கவில்லை. ஆனால் மகாராஜா, இது செல்லாது. இவர் தங்களுக்கு மருந்து ஏதோ கொடுத்திருக்கிறார்."

"நான் எதுவும் கொடுக்கவில்லை" என்றான் தாண்டவன். "அங்கே ஒரு பானை இருந்தது. அவருக்குத் தாகம் எடுத்தது. தொடவில்லை, மந்திரம் போடவில்லை. தலைவலியை இடம் மாற்றச் சொன்னீர்கள், மாற்றிவிட்டேன், மகாராஜா. எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் பத்திரமாக இருக்கிறது."

சபை ராஜாவைப் பார்த்தது. ராஜா வைத்தியரைப் பார்த்தார். ஆசனத்தில் அவர் நெளிவதையும், தொடாமல் கிடக்கும் செம்பையும், உலர்ந்த உதட்டையும் பார்த்தார். தன்னையே எதிரில் உட்கார வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. வயிற்றிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. சிரித்தார், படியில் சாய்ந்து சிரித்தார். நெற்றி வலிக்காமல் சிரித்து எவ்வளவு நாளாயிற்று.

மருதவாணரும் அறிவில்லாதவர் அல்லர். செம்பை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார். குரல் தாழ்ந்திருந்தது. "தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்று தங்களுக்கு நான்தான் சொன்னேன், மகாராஜா. ஏன் குடிக்கவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. எல்லாத் தலைவலிக்கும் தண்ணீர் மருந்தாகாது. ஆனால் இது அந்தத் தலைவலிதான். கண்ணுச்சாமியைச் சொன்னது என் தப்பு. இப்போது எனக்கு உத்தரவு கொடுங்கள், பின்கட்டுக்குப் போக வேண்டும். கட்டியம் இல்லாமல்."

"கட்டியம் இல்லாமல் போங்கள்" என்றார் ராஜா.

கண்ணுச்சாமியை அழைத்து வந்தார்கள். மூட்டை கட்டிய கயிறு இன்னும் கையில் இருந்தது. ராஜா தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். கை மோதிரத்தைக் கண்ணுச்சாமியிடம் நீட்டினார். கண்ணுச்சாமி வாங்கவில்லை.

"மோதிரம் போட்டா மாவு பிசைய வராது, சாமி. என் சோத்துல குத்தம் இல்லைன்னு நேத்து சபையில எவ்வளவு பேர் இருந்தாங்களோ அவ்வளவு பேர் முன்னாடியும் ஒரு தடவை சொல்லிடுங்க. அது போதும்."

"உன் சோற்றில் குற்றம் இல்லை" என்றார் ராஜா, சபை மொத்தமும் கேட்க.

கண்ணுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நான் போய் உலை வைக்கிறேன். நேரமாச்சு."

மறுநாள் மறுபடி சபை கூடியது. விடிந்ததும் ராஜா ஓர் உத்தரவு போட்டிருந்தார். காலையில் சபைக்கு வரும்போது ஊதலாம், சாயங்காலம் முடித்துப் போகும்போது ஊதலாம், நடுவில் ஊதக் கூடாது. ஏன் என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. எல்லார் கண்ணும் வெள்ளிச் செம்பின் மேல் இருந்தது. ராஜா குடித்தார். மறுபடி குடித்தார். வெயில் ஏறியது. இரண்டு அண்ணன் தம்பிகள் ஒரு கிணற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜா அவர்களைக் கையமர்த்திவிட்டு எழுந்தார்.

எக்காளக்காரரின் கை பழக்கத்தில் மேலே போனது, பாதியில் நின்றது. கட்டியக்காரர் வாயைத் திறந்து திறந்தபடியே வைத்திருந்தார். சபை எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அரைகுறையாக எழுந்து நின்றது. அந்த அமைதியில் ராஜா படி இறங்கினார், தலை நிமிர்ந்து நடந்தார். போரில் கோட்டை வாசலைத் தாண்டும்போது நடப்பாரே, அதே நடை. கதவருகே போனவர் திரும்பினார். வெற்றிச் செய்தி சொல்லும் குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நான் பின்கட்டுக்குப் போகிறேன். வேறு யாராவது வருகிறீர்களா?"